சட்டை கடிக்குமா?

சட்டை கடிக்குமா? கடிக்காது என்பார் உலகினர். பல்லில்லாத பொருள் கடிப்பது எங்ஙனம் என்று நகைப்பாரும் உளர். ஆயினும், ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் நடுவீட்டில் நின்றுகொண்டு, "சட்டை கடிக்கிறது" என்று கண்ணீர் மல்கக் கூறுவானாயின், அவன் கூற்று மெய்யா, பொய்யா, அன்றி இவ்விரண்டிலும் அடங்காத பிறிதொன்றா என்னும் வினா அத்துணை எளிதில் தீர்வதன்று. அதற்குப் பெற்றோர் தம் உள்ளத்தில் எழுதிக்கொள்ளும் விடை எதுவோ, அதற்கேற்பவே அவர்தம் கையில் ஏறும் கருவியும் அமைகின்றது. பொய் என்று தீர்ந்தால் பிரம்பு. மெய் என்று தீர்ந்தால் கத்தரிக்கோல். கத்தரிக்கோல் எதற்கெனில், சட்டைக் கழுத்தின் உட்புறத்தில் அளவெண் பொறித்துத் தைத்திருக்கும் சிறு துணித்துண்டை அறுத்தெறிவதற்கு.

இவ்விடத்தில் ஒன்று நினைவுறுத்துவோம். புதுச் செருப்பு வாங்கி அணிந்த பெரியவர் ஒருவர், "செருப்பு கடிக்கிறது" என்று நொண்டிக்கொண்டு வந்தால், செருப்புக்குப் பல் உண்டோ என்று அவரை எவரும் கேட்பதில்லை. நாற்காலி இட்டு அமரச் செய்து எண்ணெய் தடவச் சொல்லுகின்றோம். செருப்பு கடிக்கலாம், சட்டை கடிக்கலாகாது என்பது எந்த நூலின் விதி?

ஈப்போவில் நமது இல்லத்தில் இரு சிறுவர் வளர்கின்றனர். மூத்தவனுக்கு வயது 7, இளையவனுக்கு 5. ஒரே வயிற்றிற் பிறந்து, ஒரே கூரையின் கீழ் ஒரே சோற்றை உண்டு வளரும் இவ்விருவருக்கும் உலகம் ஒன்றாக இல்லை. மூத்தவனை உலகம் மிகையாக வந்து மோதுகின்றது; இளையவனுக்கோ அது எவ்வளவு மோதினாலும் போதுவதில்லை.

மூத்தவன்பொருட்டு வீட்டிலுள்ள சட்டைகள் அனைத்தின் கழுத்துச் சீட்டுகளும் அறுக்கப்பட்டுவிட்டன. அறுக்கத் தொடங்கிய கை நிற்கவில்லை; நமது சட்டைகளும் அதற்குத் தப்பவில்லை. அதனால் துணிக்கடையில், "என்ன அளவு, ஐயா?" என்று கேட்டால், கழுத்தின் பின்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விழிப்பதன்றி நமக்கு வேறு வழியில்லை. தீபாவளியன்று அவன் புதுச் சட்டையை உள்வெளியாகத் திருப்பி அணிந்தே விருந்தினரை வரவேற்பான். தையல் வெளியே தெரியும். மேனியில் படுவது வழவழப்பான பக்கம். "பிள்ளைக்குச் சட்டைகூடப் போட்டுவிடத் தெரியவில்லையா?" என்று உறவின் முறையார் அவன் தாயைத்தான் கேட்பார்கள், தந்தையை ஒருவரும் கேட்பதில்லை. அஃது ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

திருமண விருந்தில் அவனுக்கு மூன்று இலை வேண்டும். ஒன்று சோற்றுக்கு, ஒன்று குழம்புக்கு, ஒன்று கறிகாய்களுக்கு. ஒன்றையொன்று தொடலாகாது; தொட்டுவிட்டால் இரண்டும் பாழ். சாதிக்குச் சாதி தீண்டாமை பாராட்டிய பழையோரைக் கண்டித்து எழுதி வந்த நமது வீட்டில், சாம்பாருக்கும் அவரைப் பொரியலுக்கும் இடையே இப்படியொரு தீண்டாமை நிலைபெற்றதை எண்ணி நாம் வருந்துவதா, நகைப்பதா? ஒரு முறை பரிமாறவந்த இளைஞர், "இதெல்லாம் எதற்கு, தம்பி?" என்று அன்போடு கூறி, அகப்பைச் சாம்பாரை மூன்று இலைக்கும் பொதுவாக ஒரே வீச்சில் ஊற்றினார். சிறுவன் அழவில்லை. இலையை மடித்தான். விருந்து முடிந்தபின் எப்படி மடிப்பார்களோ அப்படியே மடித்து, எழுந்து கை கழுவச் சென்றுவிட்டான். கை கழுவுவதற்கும் காரணமில்லை. கரண்டியால் உண்பவன் அவன். சிறுகை அளாவிய கூழின் சுவையை வள்ளுவர் வியந்ததும், நெய்ச்சோற்றை மேனியெல்லாம் அப்பிக்கொள்ளும் மக்களைப் பாண்டியன் அறிவுடை நம்பி பாடியதும் அனைவரும் அறிந்தவையே. நம் மூத்தவனுக்கு அவ்விருவரிடத்தும் சிறிதும் நல்லெண்ணமில்லை. கூழில் கைவிட்டால் எப்படிக் கழுவுவது என்பதே அவனது கவலை.

அவனது செவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாவரைக்கும் கிரைண்டர் ஓடும்போது அவன் காதைப் பொத்துவது வியப்பன்று. ஆனால் அவன் பொத்துவது அப்போதன்று. முதல் நாள் இரவு பாட்டி உளுந்தை நீரில் இடும்போதே பொத்திக்கொள்வான். உளுந்து ஊறினால் காலையில் அரைபடும் என்பதைக் கருதலால் அறிந்த தருக்க நூலார் அவன். "எத்தனை மணிக்கு?" என்று பாட்டியைக் கேட்பான். "எட்டு மணிக்கு, ராசா" என்று அவர் வாக்குக் கொடுப்பார். கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் கல்லுடைப்புகளில் வெடி வைக்குமுன் சங்கு ஊதி எச்சரிப்பதுண்டன்றோ? அவ்வாறே பாட்டியும் எட்டு மணிக்கு, "அரைக்கப் போறேன், அரைக்கப் போறேன்" என்று இருமுறை கூவிய பின்னரே விசையைத் தட்டுவார். சிறுவன் வீட்டின் மறுகோடிக்குச் சென்று, இட்டலிக்காகக் காத்திருப்பான். இட்டலியின்மேல் அவனுக்குப் பகையில்லை.

இனி இளையவன். இவன் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் புகுந்து அமர்ந்துகொண்டு, மூட்டையைத் தன்மேல் சாய்க்கச் சொல்லுவான். உறங்குமுன் இரண்டு தலையணைகளை மேலே வைத்து, "அழுத்துங்கள், இன்னும் அழுத்துங்கள்" என்பான். லகாட் சாலையில் ஒரு துணிக்கடைக்கு அழைத்துச் சென்றோம். அவன் தாய் சேலை பார்த்துக்கொண்டிருக்கையில் பிள்ளையைக் காணவில்லை. கடை முழுதும் தேடியபின், விரித்துப் போட்ட சேலைக் குவியலுக்கு அடியிலிருந்து, ஆழ்ந்த மனநிறைவோடு வெளிப்படும் ஒரு பெருமூச்சைக் கேட்டுக் கண்டுபிடித்தோம். கடைக்காரர் நல்லவர், "இன்னும் பத்துச் சேலை எடுத்துப் போடவா?" என்று கேட்டார்.

இவன் முகர்ந்து பார்த்தே மக்களை அறிபவன். வீட்டுக்கு வருபவர் கையைப் பற்றி முகர்ந்து, வெங்காயம் என்றோ வழலைக்கட்டி என்றோ தீர்ப்புக் கூறுவான். புகைபிடித்தலைக் கைவிட்டுவிட்டதாகத் தம் மனைவி முன்னிலையில் உறுதி கூறியிருந்த உறவினர் ஒருவர் அவரோடு நமது இல்லம் வந்தார். இளையவன் அவர் கையை முகர்ந்தான். "சிகரெட்டு" என்றான். அவ்வளவே. அதன்பின் அந்த வீட்டில் நடந்தவற்றை எழுதுவது நாகரிகமன்று.

நிற்க. இந்நிகழ்ச்சியில் நகைப்புக்கு அப்பால் ஒரு பொருள் பொதிந்திருக்கின்றது. அன்று ஐந்து வயதுச் சிறுவனின் மூக்கை அவையிலிருந்தோர் அனைவரும் ஒருமுகமாக நம்பினர். சான்று கேட்டவர் இல்லை. "குழந்தை ஏதோ உளறுகிறது" என்றவர், குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒருவரே. அதே வாரத்தில் அதே மூக்கு, "இந்த மீன் அழுகிய மணம் வீசுகிறது, உண்ணமாட்டேன்" என்றபோது, "அடம் பிடிக்காதே, உண்" என்றார்கள். ஆகவே பிள்ளையின் புலனை நாம் நம்புவதும் நம்பாமையும் புலனின் தகுதியைப் பொறுத்ததாக இல்லை. அது கூறும் செய்தி நமக்கு உவப்பானதா என்பதைப் பொறுத்ததாக இருக்கின்றது.

அறிவு பெறும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என்று நம் பழைய தருக்க நூலார் வகுத்தனர். தானே உணர்வது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். நம்பத்தக்கார் சொல்லால் அறிவது உரை. இவற்றைச் சட்டைக்குப் பொருத்திப் பார்ப்போம். கழுத்தில் உறுத்தும் அவ்வலி சிறுவனுக்குக் காண்டல். நமக்கு அது காண்டலாக ஒருகாலும் ஆகாது; அவன் கழுத்து நமக்கு இல்லை. அந்தச் சீட்டை நமது விரலால் தடவி, "மெத்தென்று இருக்கிறதே" என்று கூறுவது நமது விரலைப் பற்றிய செய்தியேயன்றி அவனது கழுத்தைப் பற்றிய செய்தியன்று. எஞ்சியிருப்பவை கருதலும் உரையும். கண்ணீரும் சிவந்த தோலும் கருதலுக்கு உதவும். உரையோ, அவன் வாயிலிருந்தே வரவேண்டும். நம்பத்தக்கார் உரை என்று நூலார் கூறியதை, வயதில் மூத்தார் உரை என்று நாம் திருத்திக்கொண்டோம் போலும்! தன் கழுத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தன்னைவிட நம்பத்தக்கார் ஒருவர் இவ்வுலகில் இருக்க இயலுமா?

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த தொல்காப்பியம், ஓரறிவு உயிருக்கு உரியதாகக் கூறுவது தொடுவுணர்வு ஒன்றையே. புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள முதல் அறிவு அது. அதனை 'ஊறு' என்பர். அதே சொல்லுக்குத் துன்பம், இடையூறு என்னும் பொருளும் தமிழில் உண்டு. தீண்டுதலையும் துன்புறுதலையும் ஒரே சொல்லால் வழங்கிய மொழியினர்க்குச் சட்டை கடிக்கும் என்பது விளங்காமற் போனது விந்தை.

நமது வீட்டுப் பாட்டி சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் சிறுமியாயிருந்த காலத்தில் அத்தோட்டத்து லயத்தில் ஒரு சிறுவன் இருந்தானாம். விடியுமுன் பிரட்டுக்கு மணி அடிக்கும்போது அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மரங்களுக்குள் ஓடிவிடுவான். ஆயாக் கொட்டகையில் மற்றப் பிள்ளைகள் அழுதாலும் ஓட்டம். திருவிழாவில் தப்பும் உறுமியும் முழங்கினால் இரண்டு நாள் வீடு திரும்பமாட்டான். பேய் பிடித்தது என்று வேப்பிலையால் அடித்தார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கயிறு உறுத்துகிறது என்று அவன் அதைக் கடித்து அறுத்தான். அதுவே பேய்க்குச் சான்று என்றார்கள். எந்நேரமும் காதைப் பொத்திக்கொண்டிருந்தமையால் அவனுக்கு அவர்கள் இட்ட பெயர் 'செவிடன்'. தோட்டத்திலேயே மிகுதியாகக் கேட்டவன் அவன் ஒருவனே என்பதைப் பாட்டி இப்போதுதான், தம் பேரனைப் பார்த்தபின், எடுத்துச் சொல்லுகின்றார். அவனது மெய்ப்பெயர் அவருக்கு நினைவில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறியபோது அவனும் எங்கோ சென்றுவிட்டான்.

அந்தத் தோட்டத்தில் புலன் கூர்மைக்கு மதிப்பில்லாமல் இல்லை. பால் வெட்டும் தொழிலாளியின் கையை எண்ணிப் பாருங்கள். விளக்கொளியில், பட்டையை மெல்லச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வாராது; ஏறினால் உள்ளிருக்கும் இளந்தோல் புண்பட்டு மரம் முண்டும் முடிச்சுமாகும். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதனைக் கண் அறியாது. கத்தி பிடித்த கைதான் அறியும். அக்கையின் நுட்பத்தைத் துரையும் கங்காணியும் மெச்சினார்கள். அதனால் வருவாய் உண்டு. புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுப்பவர், எண்ணெயின் ஓசை மாறுவதைக் கேட்டே பதம் அறிவார். அச்செவியை உலகம் காசு கொடுத்து மதிக்கின்றது. வருவாய் தராத செவிக்கும் மேனிக்கும் மட்டும் அடங்காமை என்று பெயர்.

மேனாட்டு மருத்துவ நூலாரும் இவ்வகையில் நம்மைவிடத் தொடக்கத்திலேயே தெளிந்துவிட்டாரல்லர். மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் 1925ஆம் ஆண்டிலேயே ஆறு சிறுவரை ஊன்றிக் கவனித்து எழுதினார். உலகம் அதைப் படிக்கவில்லை. 1943இல் பால்டிமோர் நகரில் லியோ கான்னர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி, தூசி உறிஞ்சும் பொறி முதலியவற்றின் ஓசைக்கு அவர்கள் நடுங்குவதைக் குறித்தார். அவ்வாண்டில் நம் மலாயாத் தோட்டத் தமிழர் சயாம் இரயில் பாதைக்குக் கூட்டங்கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டு மடிந்துகொண்டிருந்தனர். அவர்தம் பிள்ளைகளில் எவன் காதைப் பொத்தினான், எவள் சட்டையைக் கழற்றினாள் என்று பார்க்க ஆளேது? பின்னர்ப் புலன்களின் ஒழுங்கைப் பற்றி ஜீன் ஏயர்ஸ் என்னும் அம்மையார் 1972இல் நூலெழுதினார். புலன் மிகை, புலன் குறை என்பவற்றை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்க உளமருத்துவர் கழகம் தனது கையேட்டில் சேர்த்தது 2013இல்தான். அவ்வடையாளம் மட்டும் உள்ள பிள்ளைகள் அனைவரும் ஆட்டிசம் உடையவரல்லர். புலன் வேறுபாட்டைத் தனியொரு நோயாகக் கூற வேண்டாமென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் அறிவுரை கூறியது. பெயரைப் பற்றிய வழக்கு நடந்துகொண்டேயிருக்கட்டும். பெயர் தீரும்வரை சட்டை கடிப்பதை நிறுத்திவைக்க இயலாது.

தாயைக் கேட்பார்கள், தந்தையைக் கேட்பதில்லை என்றோமன்றோ? அது சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் மட்டும் உரிய வழக்கமன்று. பிள்ளை இவ்வாறாவது தாயின் அன்பு குளிர்ந்துவிட்டதால் என்று மெத்தப் படித்த மேனாட்டவரே பல்லாண்டு கூறிவந்தனர். 1967இல் புரூனோ பெத்தல்ஹைம் அக்கருத்தைப் பெரும் நூலாக்கிப் புகழடைந்தார். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1964இல், பெர்னார்டு ரிம்லண்டு அதனை மறுத்து, காரணம் உடலமைப்பில் உள்ளது என்று எழுதியிருந்தும், தாய்மார் மேலிருந்த பழி இறங்க நெடுங்காலமாயிற்று. வேப்பிலை அடித்த பூசாரி பேயைப் பழித்தார். பட்டம் பெற்றவர் தாயைப் பழித்தார். இருவரும் பிள்ளையைக் கேட்கவில்லை.

இதற்குத் தடை கூறுவார் சிலர் இருக்கின்றனர். அவர் கூற்றில் நேர்மை உண்டு. "பிள்ளை சொல்வதையெல்லாம் நம்பினால் அவன் நம்மை ஆட்டிவைப்பான்" என்பது அவர் வாதம். மறுக்கமாட்டோம். 'கடிக்கிறது' என்னும் சொல்லுக்குள்ள ஆற்றலை மூத்தவன் விரைவில் அறிந்துகொண்டான். ஒரு மாலையில், "கணக்குப் பாடம் கடிக்கிறது" என்றான். "எந்த இடத்தில்?" என்றோம். சிறிது சிந்தித்து, "இரண்டாம் பக்கத்தில்" என்றான். ஆகவே மெய்யையும் சூழ்ச்சியையும் பிரித்தறியும் பொறுப்பு நமக்கு உண்டுதான். பிரிப்பதெப்படி?

இதற்கு விடையளித்தவர் ஒரு ரொட்டிக்காரர். மாலைதோறும் மோட்டார் சைக்கிளில் ரொட்டிப் பெட்டியும் தொங்கும் பொட்டலங்களுமாக வரும் பாயை நகரத்தாரும் தோட்டத்தாரும் அறிவர். நமது தெருவில் வருபவரிடம் தேங்காய்ப்பூ வைத்த பன் கிடைக்கும். மூத்தவனுக்கு உலகிலுள்ள உணவு எல்லாவற்றிலும் அதுவே தலையாயது; ஒன்றோடொன்று கலவாத வகையில் தேங்காய் உள்ளே அடங்கியிருப்பது காரணமாகலாம். ஆனால் பாய் வருவதை அறிவிப்பது அவரது ஊதுகுழல். அது ஊதியவுடன் சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவான். பன் வாசலில், அவன் கொல்லையில்! பாய் போனபின் திரும்பி வந்து, வாங்காத பன்னை நினைத்து அழுவான். தான் விரும்பும் பொருளை இழக்கச் செய்யும் நடிப்பை எந்த நடிகன் மேற்கொள்வான்? கணக்குப் பாடம் கடித்ததில் அவனுக்கு ஊதியம் இருந்தது. ஊதுகுழல் கடித்ததில் இழப்பே இருந்தது. சூழ்ச்சி ஊதியத்தை நாடும். வலி இழப்பையும் பொருட்படுத்தாது. யாரும் பாராத இடத்திலும் அவ்வாறே செய்கின்றானா என்பது இன்னொரு சோதனை. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வழி தெரியும். பெரும்பாலும் என்றுதான் கூறுகின்றோம்.

பாய்க்கு இதனை ஒருவரும் விளக்கவில்லை. ஒரு நாள் வேலிக்கு அப்பாலிருந்து சிறுவன் ஓடுவதையும், பின் வந்து அழுவதையும் அவரே கண்டார். மறுநாள் முதல் நமது வீட்டுக்கு நான்கு வீடு முன்னதாகவே ஊதுவதை நிறுத்தி, வாசலில் வந்து பன்னை உயர்த்திக் காட்டி ஆட்டிக்கொண்டு நிற்கின்றார். ஏயர்ஸ் அம்மையாரின் நூலை அவர் படித்தவரல்லர். அவரது வணிகமும் குன்றவில்லை. நாளொன்றுக்கு ஒரு பன் கூடிற்று.

"உலகம் இப்படியெல்லாம் ஊதுகுழலை நிறுத்துமா? பிள்ளையை உரமாக்க வேண்டாமா?" என்பது இரண்டாவது தடை. உரமாக்கத்தான் வேண்டும், ஆயின் உரம் எவ்வழி ஏறுகின்றது என்பதைப் பார்க்க வேண்டும். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் பேரோசையைக் கொண்டு ஆட்களைச் சோதித்து 1972இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஓசையை நிறுத்தும் விசை தம் கையில் இருப்பதாக அறிந்தவர், அதனை ஒருமுறையும் அழுத்தாவிடினும், அது இல்லாதவரைவிடப் பின்னர்த் தம் வேலையைச் செவ்வனே செய்தனர் என்று கண்டனர். இதனை மனத்திற் கொண்டு பாட்டி ஒரு காலையில், "நீயே தட்டு, ராசா" என்று கிரைண்டரின் விசையை மூத்தவனிடம் ஒப்படைத்தார். தட்டினான், உடனே நிறுத்தினான். மீண்டும் தட்டினான், மூன்று எண்ணும்வரை விட்டான். இப்போது எண்பதுவரை எண்ணுகின்றான். இட்டலி சற்றுத் தாமதமாகின்றது. மாவு நறநறவென்றிருக்கும் நாளும் உண்டு. அடித்து உரமாக்கப்பட்ட தோட்டத்துச் சிறுவன் மரங்களுக்குள் ஓடினான். விசை கிடைத்த இவன் அடுக்களைக்கு வருகின்றான். ஈப்போ மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபி என்று எழுதியிருக்கும் பிரிவைக் கண்டு, அது வேலைக்கு ஆள் சேர்க்குமிடம் என்று கடந்து செல்லும் பெற்றோரும் நம்மவரில் உளர். இத்தகைய பழக்கங்களைப் படிப்படியாகக் கற்பிப்போர் அங்கேதான் இருக்கின்றனர். 1987 முதல் தேசிய ஆட்டிசக் கழகமும் இந்நாட்டில் பணிபுரிகின்றது. வேப்பிலைக்குச் செலவிடும் நாளில் ஒன்றை அங்கே செலவிடலாம்.

மற்று, பெரியோராகிய நாம் உரமானவர்தாமா? டுரியான் பழத்தை உள்ளே கொண்டுவரலாகாது என்று இந்நாட்டு விடுதிகளில் படம் எழுதிக் கோடு கிழித்து வைத்திருக்கின்றார்கள். சிலருடைய மூக்குக்கு ஒவ்வாமையே காரணம். உணவுக்கடைகளில் புகைபிடித்தல் 2019 ஜனவரி முதல் நாள்தொட்டுத் தடை செய்யப்பட்டது. உடல்நலமே அதன் நோக்கமாயினும், மூக்கைப் பிடித்துக்கொண்டு உண்டவர்க்கும் அது விடுதலையாயிற்று. சுண்ணாம்புப் பலகையில் நகம் கீறும் ஓசைக்குப் பல் கூசாதார் யார்? தலையணை மாறினால் உறங்காதார், குளிர்ந்த காப்பியைக் குடியாதார், பிறர் மென்று உண்ணும் ஓசையைப் பொறாதார் நம்மில் எத்தனை பேர்! பெரியவன் மூக்கைப் பிடித்தால் அறிவிப்புப் பலகை வைக்கின்றோம். சிறியவன் மூக்கைப் பிடித்தால் பிரம்பைத் தேடுகின்றோம்.

இறுதியாக, நகைப்பைப் பற்றி. இக்கட்டுரையைப் படித்தோர் இதுவரை ஓரிரு இடத்திலாவது நகைத்திருப்பர். நகைக்க வேண்டுமென்றே எழுதினோம். துன்புறும் பிள்ளையைப் பற்றி நகைப்பது அறமா? நகை தோன்றும் இடங்கள் நான்கு என்று கூறும் தொல்காப்பியம், எள்ளலை அவற்றுள் ஒன்றாகவும் இளமையை வேறொன்றாகவும் வைக்கின்றது. இவ்விரண்டும் வெவ்வேறு ஊற்று. சாம்பாருக்காக மூன்று இலை கேட்பதைக் கண்டு முகம் மலர்வது இளமை கண்ட நகை. "இதோ வந்தான் மூன்று இலை மாப்பிள்ளை" என்று பந்தி கேட்கக் கூவுவது எள்ளல். செய்தி ஒன்றே, ஆயினும் பின்னதைக் கேட்ட பிள்ளை அடுத்த விருந்துக்கு வரமாட்டான். வந்தாலும் கேட்கமாட்டான், பசியோடு திரும்புவான். 'செவிடன்' என்று பெயரிட்டவர்களும் நகைத்துக்கொண்டேதான் பெயரிட்டிருப்பர்.

நகைப்புக்குரியவன் அந்நகைப்பில் பங்கு கொள்கின்றானா என்று பார்ப்பது ஒரு வழி. உளுந்தைக் கண்டு காதைப் பொத்தியதை இப்போது மூத்தவனே விருந்தினர்க்கு நடித்துக் காட்டுகின்றான். பாட்டியின் குரலையும் அவனே பேசுகின்றான். அதற்கு நாமும் உரக்க நகைக்கின்றோம், அவன் காது பொறுக்குமளவுக்கு. முடிதிருத்தகத்தில் நடந்த ஒன்றையோ அவன் இன்னும் நகைப்பாகக் கொள்ளவில்லை. அது நகைப்பே என்று நமக்குத் தோன்றினும், நமது தோற்றம் ஈண்டுச் செல்லாது.

ஆகையால், இதனை அச்சுக்கு அனுப்புமுன் இருவரையும் அருகழைத்துப் படித்துக் காட்டி இசைவு கேட்டோம். மூத்தவன் சாம்பாருக்கு இசைந்தான். கணக்குப் பாடத்துக்குச் சற்றுத் தயங்கி இசைந்தான். முடிதிருத்தகத்தை எழுதலாகாது என்றான், எழுதவில்லை. எண்பதுவரை எண்ணுவதாக எழுதியது பிழை, நேற்று எண்பத்தாறு என்று ஒரு திருத்தமும் சொன்னான். இளையவன் கையெழுத்துத் தாளை வாங்கி முகர்ந்து பார்த்தான். இதில் ஒன்றுமில்லை, அச்சான தாள் வந்ததும் முதலில் தன்னிடம் தர வேண்டும் என்று சொல்லி, அரிசி மூட்டைக்குத் திரும்பினான்.